ஜிம்மில் 230 வாட், நண்பர் வீட்டில் 165 வாட்: எந்த எண்ணை நம்புவது?

சென்னைப் புறநகரில் வசிக்கும் 44 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஐ.டி. வேலை, எடை 82 கிலோ. மூன்று வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறார். சென்ற ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வேன் உரசிக் கீழே விழுந்ததிலிருந்து, வார நாட்களில் இருட்டோடு கிளம்புவதை அவர் மனைவி விரும்பவில்லை. ஆனால் ஜனவரியில் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி) ஒன்றை முடித்தே ஆகவேண்டும் என்று ஆசை. அதனால் வீட்டிலேயே பவரை, அதாவது மிதிக்கும் வாட்டை, அளந்து பயிற்சி செய்ய 70,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். அபார்ட்மென்ட் ஜிம்மின் ஸ்பின் பைக்கில் 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்தபோது திரையில் சராசரி 230 வாட். அதே வாரம் நண்பர் வீட்டு ஸ்மார்ட் டிரெய்னரில் (ரோடு பைக்கையே மாட்டி மிதிக்கும், வாட்டை அளக்கும் கருவி) அதே 20 நிமிடம்: 165 வாட். "குறை என் உடம்பிலா, மெஷினிலா?" என்று கேட்கிறார். கடைக்காரரோ, "20 கிலோ ஃபிளைவீல் (பெடலோடு சுழலும் கனமான சக்கரம்) உள்ள ஸ்பின் பைக் வாங்குங்கள், கனம் கூடக் கூட ரீடிங் துல்லியமாக இருக்கும்" என்றாராம். ஜிம் பைக் ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு வரிகள். ரத்த அழுத்தத்துக்கு ஒரு வருடமாக மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். அதைப் போட்டால் இதயத் துடிப்பு 135-ஐத் தாண்டுவதில்லை என்பதால், சோதனைக்கு முன் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருடைய அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது.

அன்புள்ள வாசகருக்கு,

எந்த பைக் வாங்குவது என்பதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் ஒரு விளையாட்டு மருத்துவராக அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் பேசாமல் என்னால் மேலே போக முடியாது.

மெட்டோபுரோலால் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பது அதன் வேலையே. அதைத் திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் கட்டுப்பட்டிருந்த துடிப்பும் அழுத்தமும் மீண்டு எழும். சிலருக்கு நெஞ்சு வலியும், இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் மாரடைப்புமே வரக்கூடும். அப்படி நிறுத்திய இரண்டாம் நாளில், ஒரு மனிதர் செய்யக்கூடிய மிகக் கடினமான 20 நிமிட உழைப்பை நீங்கள் செய்திருக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இனி ஒருபோதும் செய்யாதீர்கள்.

அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால், அதைக் குடும்பத்தில் இளவயதிலேயே வந்த நோயாகவே நாங்கள் கணக்கில் எடுப்போம். நம் நாட்டவருக்கு இதயக் குழாய் அடைப்பு மேலை நாட்டவரைவிடச் சில வருடம் முன்னதாகவே வருகிறது. எனவே அடுத்த கடினமான பயிற்சிக்கு முன் இதய மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், கூடவே சர்க்கரையும் கொழுப்பும். டிரெட்மில் டெஸ்டுக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தவேண்டுமா என்பதை அவர் சொல்வார். நீங்களாக முடிவு செய்யவேண்டாம். ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் அது ஆயுள் உத்தரவாதம் ஆகாது. மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: "எனக்கு இந்த மாத்திரைதான் வேண்டுமா?" இதயத்தில் வேறு பிரச்சினை இல்லாமல் ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களுக்கு, உடற்பயிற்சித் திறனை இவ்வளவு பாதிக்காத வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் படபடப்பு போன்ற வேறு காரணத்துக்காக உங்கள் மருத்துவர் இதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். முடிவு அவருடையது. கேட்பது உங்கள் உரிமை.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் சூத்திரம் எல்லோருக்குமே உத்தேசமானது. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. துடிப்பை நம்ப முடியாத உங்களைப் போன்றவருக்குத்தான் வாட் கணக்கு உண்மையாகவே பயன்படும். கூடவே பேச்சுச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்: முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் இலகுவான வேகம், நாலைந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடுத்தரம், ஒற்றை வார்த்தைதான் வருகிறதென்றால் கடினம்.

230-ம் 165-ம் எங்கிருந்து வந்தன?

பவர் என்பது பெடலில் கொடுக்கும் திருகுவிசையை, கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. இரண்டையும் அளந்தால்தான் வாட் தெரியும். வேகத்தை அளப்பது எளிது, ஒரு காந்தமும் ஒரு சென்சாரும் போதும். விசையை அளப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை. ஜெர்மனியின் உல்ரிக் ஷோபெரர் 1980-களில் எஸ்.ஆர்.எம். பவர் மீட்டரை உருவாக்கியபோது, கிராங்குக்குள் ஸ்ட்ரெயின் கேஜ்களைப் பதித்தார். மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவதை அவை உணரும். இன்றைய பவர் பெடல்களும் கிராங்குகளும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன.

உங்கள் ஜிம் பைக்கில் அப்படி ஏதும் இருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலான சாதாரண ஸ்பின் பைக்குகளில் ஒரு கம்பளிப் பட்டை ஃபிளைவீலை அழுத்தும், அல்லது ஒரு காந்தம் அதன் அருகே நகரும். எத்தனை சுற்று சுற்றுகிறீர்கள் என்பது திரைக்குத் தெரியும். எவ்வளவு கனமாக மிதிக்கிறீர்கள் என்பது தெரியாது. தடையைக் கூட்டும் குமிழ் எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஊகிக்கும், சில மாடல்களில் அதுவும் இல்லை. பட்டை தேய்ந்தால், வியர்வை பட்டால், சூடானால் உராய்வு மாறும், திரைக்கு அது தெரியவே தெரியாது. காந்தத் தடையிலும் ஃபிளைவீல் சூடாகச் சூடாகப் பிடிப்பு குறையும்.

உராய்வே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். உடலியங்கியல் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கும் ஸ்வீடன் நாட்டு மோனார்க் சைக்கிள் உராய்வில்தான் ஓடுகிறது. ஆனால் அதில் பட்டையின் இழுவிசை நேரடியாக அளவிடப்படுகிறது, ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரத்தின் விளிம்பு 6 மீட்டர் நகரும் என்பதும் தெரியும். 2 கிலோ சுமையில் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஏறக்குறைய 118 வாட்; காகிதத்திலேயே போட்டுவிடலாம். சுமை தெரிந்தால் வாட் தெரியும். உங்கள் ஜிம் பைக்குக்குச் சுமை தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, 20 கிலோ ஃபிளைவீல்? கனமான சக்கரம் மிதிப்பைச் சீராக்கும், கால் உச்சியையும் அடியையும் தொடும் இடங்களில் வெட்டாமல் ஓடும். அதன் பயன் அங்கே முடிந்தது. அளவைத் துல்லியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாறாக, ஃப்ரீவீல் இல்லாத ஸ்பின் பைக்கில் கனமான சக்கரம் ஓர் ஆபத்து. நீங்கள் காலை நிறுத்தினாலும் சக்கரம் நிற்காது, காலையும் சேர்த்துச் சுழற்றும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சுழலும் பெடலில் விரல் சிக்கும். அப்படி ஒன்றை எப்போதாவது ஓட்டினால், நிறுத்த பிரேக் குமிழை அழுத்துங்கள், முட்டியால் நிறுத்தப் பார்க்காதீர்கள்.

ஆகவே உடல் குறை என்ற கவலையை விடுங்கள். 165 உண்மைக்கு மிக அருகே இருக்கும் எண், 230 ஒரு திரையின் ஊகம். ஜிம் திரை 45 நிமிடத்தில் 700 கலோரி காட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். பெடலுக்குப் போய்ச் சேரும் வேலை, உடல் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் மிதித்த கிலோஜூலும் எரித்த கிலோகலோரியும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வரும். 165 வாட்டில் 45 நிமிடம் என்றால் 445. அந்த 700-ஐ நம்பி ராத்திரி இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டால் எடை குறையாது.

எதை வாங்கலாம்?

துல்லியத்தைவிட, இன்று 150 காட்டியது அடுத்த மாதமும் அதே உழைப்புக்கு 150 காட்டவேண்டும் என்பதையே முதலில் பாருங்கள். இரண்டாவது, முடிந்தால் வீட்டிலும் சாலையிலும் ஒரே கருவி அளக்கட்டும்.

உங்களிடம் ஏற்கெனவே உங்கள் உடம்புக்குப் பொருந்திய ரோடு பைக் இருக்கிறது. ஸ்பின் பைக்கை நான் பரிந்துரைக்கவில்லை. வாட்பைக் ஆட்டம், வாஹூ கிக்கர் பைக், டாக்ஸ் நியோ பைக் போன்ற முழு ஸ்மார்ட் பைக்குகள் அருமையானவை, வீட்டில் இருவர் மூவர் மாறி மாறி ஓட்ட ஏற்றவை. ஆனால் உங்கள் தொகை அவற்றின் கிட்டவும் போகாது. மிஞ்சுவது இரண்டு வழி.

முதல் வழி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு பைக்கை நேரடியாக மாட்டும் டைரக்ட் டிரைவ் டிரெய்னர். நல்ல நிறுவனங்களின் அடிப்படை மாடல்கள் உங்கள் தொகையை ஒட்டியோ சற்று மேலேயோ வரும். பயன்படுத்தியது கிடைத்தால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, பேரிங் சத்தம் கேட்டு வாங்கலாம். இரண்டாம் மாடிக் குடியிருப்பு என்கிறீர்கள்; டயர் உரசும் வகையைவிட இதில் சத்தம் நன்றாகவே குறைவு. ஆனால் கீழ்வீட்டுக்குப் போவது அதிர்வு. கனமான ரப்பர் பாய் போடுங்கள், அவர்கள் படுக்கையறைக்கு மேலே வைக்காதீர்கள்.

இரண்டாவது வழி, ஒரு பக்கம் மட்டும் அளக்கும் பவர் பெடலும், விலை குறைந்த சாதாரண டிரெய்னரும். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும். இடது கால் உழைப்பில் 48 விழுக்காடுதான் தருகிறதென்றால் எண் 4 விழுக்காடு குறைவாக வரும். ஆனால் பெரும்பாலும் அதே குறைவு, அதனால் பயிற்சிக்குப் பாதகமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாலைக்குப் போகும்போதும் அதே பெடல், அதே எண். 200 கிலோமீட்டர் ஓட்டப்போகிற உங்களுக்கு நான் சாய்வது இந்தப் பக்கம்தான். ஆரம்பத்திலேயே சக்தியைச் செலவழித்துவிட்டு 140-வது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடாமல் இருக்க, சாலையில் கண் முன்னே ஓர் எண் இருப்பது பெரிய உதவி.

கடைக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளவேண்டியவை:

பின்சக்கர அச்சு. உங்கள் பைக்கில் இருப்பது நெம்புகோலால் கழற்றும் குயிக் ரிலீஸா, திருகிக் கழற்றும் 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸிலா என்று பாருங்கள். அதற்கேற்ற அடாப்டர் டிரெய்னருடன் வருகிறதா எனக் கேளுங்கள்.

கேசட், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி. உங்களுடையது 8 கியர். டிரெய்னரின் ஹப் 11 கியர் அளவில் இருந்தால் கேசட்டுக்குப் பின்னால் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் ஒன்று போடவேண்டும். அதை விட்டுவிட்டால் கேசட் லொடலொடவென்று ஆடும், கியர் தாவும். கேசட்டும் அதைக் கழற்றும் கருவியும் பெரும்பாலும் தனியே வாங்கவேண்டியிருக்கும், பட்ஜெட்டில் சேருங்கள்.

இணைப்பு. பல ஆப்புகளோடும் பேச உதவும் பொது முறைகளான ப்ளூடூத் எஃப்.டி.எம்.எஸ்.ஸையோ, ஏ.என்.டி. பிளஸ்ஸையோ ஏற்கிறதா என்று கேளுங்கள். தன் சொந்த ஆப்பில் மட்டும் ஓடும் கருவி வேண்டாம். நிறுவனம் அந்த ஆப்பை நிறுத்திவிட்டால் கையில் இருப்பது வெறும் இரும்பு.

மின்சாரம். பல டிரெய்னர்கள் கரண்ட் போனால் தடையைக் கட்டுப்படுத்தாது. இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

முட்டி வலி

முட்டியின் முன்பக்க வலி என்றால் முதல் சந்தேகம் சீட் தாழ்வாக இருப்பது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடல் மேல் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுதாக நீளவேண்டும், இடுப்பு சாயக்கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். முட்டிக்குப் பின்னால் வலி வந்தால் சீட் உயரம் கூடிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது சந்தேகம், கனமான குமிழில் மெதுவாக மிதிப்பது. 170 மில்லிமீட்டர் கிராங்கில் 150 வாட் கொடுக்க, நிமிடத்துக்கு 60 சுற்றில் மிதித்தால் பெடலில் சராசரியாக 14 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 90 சுற்றில் ஒன்பதரை கிலோ போதும். உழைப்பு அதேதான், முட்டி சுமப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 85-லிருந்து 95 சுற்றுக்குள் பழகுங்கள். ஸ்பின் பைக்குகளில் இரண்டு பெடல்களுக்கும் இடையிலான அகலமும் ரோடு பைக்கைவிட அதிகமாக இருப்பதுண்டு, சிலருடைய முட்டிக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது. இத்தனையும் சரிசெய்து மூன்று வாரத்தில் வலி குறையவில்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

ஸ்மார்ட் டிரெய்னர் வாங்கினால் எர்க் மோட் பற்றி ஓர் எச்சரிக்கை. 150 வாட் என்று சொல்லிவிட்டால், நீங்கள் எப்படி மிதித்தாலும் அது 150-ஐ வாங்கிவிடும். களைத்துப்போய் வேகம் குறைந்தால் தடையை ஏற்றும். ஏற ஏற இன்னும் வேகம் குறையும். கடைசியில் கால் நின்றே போகும், முட்டிதான் அடி வாங்கும். கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்று) 75-க்குக் கீழே இறங்கினால் இலக்கை 10 விழுக்காடு குறைத்துவிடுங்கள்.

மின்விசிறி இல்லாமல் மிதிப்பது

"விசிறி இல்லாமல் ஓட்டினால் நன்றாக வியர்க்கிறது, கொழுப்பு கரைகிறது" என்று எழுதியிருந்தீர்கள். கரைவது தண்ணீர்தான். 165 வாட் மிதிக்கும்போது உங்கள் உடல் ஏறக்குறைய 600 வாட் வெப்பத்தை வெளியே தள்ளவேண்டும். ஓர் இஸ்திரிப்பெட்டி விடாமல் சூடாவது போல. சாலையில் எதிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். சென்னைப் புழுக்கத்தில், மூடிய அறையில் வியர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதே வாட்டுக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனும் சற்றுக் குறைவு. மேலே சுழலும் சீலிங் ஃபேன் போதாது. ஒரு பெடஸ்டல் ஃபேனை நெஞ்சுக்கு நேராக வையுங்கள். பட்ஜெட்டில் முதலில் எழுதவேண்டிய பொருள் அதுதான்.

ஒருமுறை ஓட்டும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அழுத்த மாத்திரை சாப்பிடும் நீங்கள் உப்புக் கரைசலைத் தினப்பழக்கமாக்க வேண்டாம். ஓட்டி முடித்ததும் பைக்கின் ஹேண்டில்பாரையும் போல்ட்டுகளையும் துடைத்துவிடுங்கள், நம் ஊரில் துரு மிக வேகமாகப் பிடிக்கும்.

எப்படி ஆரம்பிப்பது?

20 நிமிடச் சராசரியில் 95 விழுக்காடு எடுத்தால் உங்கள் எஃப்.டி.பி. (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்) கிடைக்கும் என்பது பரவலான வழக்கம். 165-க்கு அது 157. உடல் எடையில் கிலோவுக்கு 1.9 வாட். நண்பருடைய எண்ணோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். 200 கிலோமீட்டரை முடிக்க உங்களுக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவான சராசரி. அதற்கு வேண்டியது நீண்ட நேரம் நிதானமாக மிதிக்கும் உடல்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, வாரம் மூன்று நாள். இரண்டு நாள் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை 90-லிருந்து 115 வாட்டுக்குள், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில். ஒரு நாள் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிவிட்டு, 8 நிமிடம் வீதம் மூன்று தடவை 138-லிருந்து 148 வாட், இடையே 4 நிமிடம் இலகுவாக. முடித்ததும் சட்டென்று இறங்காதீர்கள். ஐந்து நிமிடம் மெல்ல மிதியுங்கள், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றும். டிரெய்னரில் பைக் அசையாததால் உட்காரும் இடம் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள். முதல் இரண்டு வாரம் அளவோடு இருங்கள். பழகாத தொடைகளை ஒரே நாளில் வதைத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கக்கூடும். கடும் தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நாலாவது நாள் ஞாயிறு, சாலைக்கு. நாலைந்து பேர் கொண்ட குழுவோடு, விடிந்த பிறகு, விளக்கும் ஒளிரும் மேலாடையும் ஹெல்மெட்டுமாக. பயப்படும் உங்கள் மனைவியிடம் இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகப் பேசுங்கள். டிரெய்னரில் மட்டுமே பழகி 200 கிலோமீட்டர் சாலையில் இறங்குவது நல்லதில்லை. கழுத்தும் உள்ளங்கையும் முதுகும் சாலையில்தான் பழகும்.

கடைசியாக, அந்த 157-ஐத் தற்காலிக எண்ணாகவே வைத்திருங்கள். அது மாத்திரை நிறுத்திய உடலின் எண். மாத்திரையோடு ஓட்டும்போது மேலே சொன்ன வாட் கடினமாகத் தெரிந்தால், தயங்காமல் 10 வாட் குறையுங்கள். இதய மருத்துவர் அனுமதித்து, மருந்தில் மாற்றம் ஏதும் செய்தால் அது உடலில் நிலைபெற்று மூன்று வாரம் கழித்து, உங்கள் சொந்தக் கருவியில், ஃபேன் போட்டு, வீட்டில் யாராவது ஒருவர் இருக்கும் நேரத்தில் 20 நிமிடச் சோதனையைப் புதிதாகச் செய்யுங்கள். அதற்கடுத்த சோதனை ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் போதும்.